பைக்கு அடங்கியது கைக்கு அடங்குமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் முதன்முறையாக நுழைகிறவர், இதற்கு முன் துப்பாக்கி எதையும் தொட்டும் பாராதவர், 400 டாலருக்கு மேல் செலவழிக்க வசதியில்லாதவர், இரவு வேளையில் வீட்டின் பாதுகாப்புக்கென ஒன்று இருக்கட்டும் என்று எண்ணுகிறவர், கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாய்க் கிடக்கும் ஆயுதங்களுள் எதைக் கேட்பது என்று திகைத்து நிற்பாரானால், அவருடைய பார்வை பெரும்பாலும் இரண்டு அங்குலக் குழலும் உள்ளங்கையளவு உடலும் கொண்ட குட்டி ரிவால்வர் ஒன்றின் மீதே சென்று நிலைக்கும். சிறியது, இலேசானது, விலையும் குறைந்தது. கைப்பையிலும் அடங்கும், கால்சட்டைப் பையிலும் அடங்கும். புதியவருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று கடைக்காரரும் சொல்லக்கூடும். அந்த அபிப்பிராயத்தில் எனக்குச் சம்மதமில்லை.

ரிவால்வர் என்பது சுழலும் துப்பாக்கி. பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட இரும்புருளை ஒன்று குழலுக்குப் பின்னால் பொருந்தியிருக்க, ஒவ்வொரு முறை சுடும்போதும் அவ்வுருளை ஓர் அறை திரும்பி அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துகிறது. சாமுவேல் கோல்ட் என்பவர் இந்த யந்திரத்துக்கு அமெரிக்காவில் உரிமை பெற்றது 1836-ஆம் ஆண்டில். அதன்பின் எத்தனையோ நூதனமான துப்பாக்கிகள் தோன்றி, பிடிக்குள் அடுக்கிய தோட்டாக்களைத் தாமே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்கள் படைகளையும் போலீஸையும் ஆட்கொண்டுவிட்ட போதிலும், முதன்முறை வாங்குகிறவருக்கு ரிவால்வரைச் சிபாரிசு செய்யும் வழக்கம் இன்றளவும் நீடிப்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. உருளையைப் பக்கவாட்டில் திறந்தால் எத்தனை தோட்டா இருக்கிறது, அல்லது ஒன்றுமேயில்லை என்பது கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும். பிஸ்டலிலோ, தோட்டாக்கூட்டை உருவி எடுத்துவிட்டபின்பும் குழலின் அடியறையில் ஒரு தோட்டா ஒளிந்து தங்கியிருக்கலாம். ‘காலி’ என்று நம்பி விசையை அழுத்தியவர்களால் நேர்ந்த விபரீதங்கள் பல.

சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திய பிறகே சுடக்கூடிய பழைய வகைக்குச் சிங்கிள் ஆக்ஷன் என்று பெயர். விசையை அழுத்துவதொன்றினாலேயே சுத்தியல் எழுந்து, உருளை திரும்பி, வெடிப்பும் நிகழ்ந்துவிடும் வகை டபுள் ஆக்ஷன். கடைகளில் ஆக மலிவாய்க் கிடைப்பவற்றுள் ஒன்றான ஹெரிடேஜ் ரஃப் ரைடர் முந்தைய வகையைச் சேர்ந்தது; .22 என்னும் சின்னஞ்சிறு தோட்டாவை உபயோகிப்பது. வயல்வெளியில் தகரக் குவளைகளைச் சுட்டுப் பழகுவதற்கு மிக இனிமையான சாதனம். தோட்டாவின் செலவும் சொற்பம். ஆனால் ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனியே போட்டுத் தனித்தனியே தள்ளியெடுக்க வேண்டிய அந்தத் துப்பாக்கியைத் தற்காப்புக்கென்று வாங்குகிறவர், திரைப்படங்களில் வரும் குதிரை வீரர்களை ஒருகால் அதிகமாய் நம்பிவிட்டவர்.

இனிக் குட்டி ரிவால்வருக்கு வருவோம். குண்டு முன்னே பாயும் வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே உதைக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிக பாடம். ஒரே தோட்டாவை ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள எஃகு ரிவால்வரிலும், 400 கிராம் எடையுள்ள அலுமினிய ரிவால்வரிலும் சுட்டால், இலேசானது கையில் கொடுக்கும் அடி பலமாக இருக்கும். அதற்கு மேல், டபுள் ஆக்ஷன் விசையை அழுத்துவதற்கு ஐந்து கிலோ எடையைத் தூக்குவதற்கு நிகரான விரல் வலிமை வேண்டும். துப்பாக்கியின் எடையைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேற்பட்ட விசையைச் செலுத்துகையில் அந்த இலேசான உடல் அசையாமல் நிற்பது எங்ஙனம்? போதாக்குறைக்குக் குறி பார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடைவெளி மிகக் குறுகியதாகையால், மயிரிழை பிசகினாலும் குண்டு எங்கோ போய்ச் சேருகிறது. பழகித் தேர்ந்தவர்களின் கையில் அது அருமையான ஆயுதம்தான். புதியவரோ நாலைந்து தடவை சுட்டு, உள்ளங்கை எரிந்து, வெடிச்சத்தத்துக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்ளப் பழகி, பிறகு பயிற்சிக் கூடத்தின் பக்கமே தலைகாட்டாமல் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார். பழகாத ஆயுதம் இழுப்பறையில் கிடப்பதைக் காட்டிலும் ஆயுதமே இல்லாதிருப்பது மேல்.

தோட்டா விஷயத்தில் அதிக விசாரணை வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய .38 ஸ்பெஷல் என்னும் தோட்டாவே இத்துப்பாக்கிகளுக்கு இன்றும் பொது வழக்கு. பெயரில் 38 இருந்தாலும் அதன் குண்டின் குறுக்களவு அங்குலத்தில் ஆயிரத்தில் 357 பங்குதான். ஆகவே 1935-இல் வெளிவந்த .357 மாக்னம் என்னும் உக்கிரமான தோட்டாவும் அதே பருமனே, மூன்று மில்லிமீட்டர் சொச்சம் நீளம் மட்டும் கூடுதல். மாக்னம் ரிவால்வரில் .38 தோட்டாவைத் தாராளமாய்ப் போட்டுச் சுடலாம். .38 ரிவால்வரில் மாக்னம் தோட்டாவைப் போட முயல்வது கூடாது. அந்த நீளம் அதைத் தடுப்பதற்கென்றே வைக்கப்பட்டது.

புதிதாய் வாங்குவதானால், பிரேசில் நாட்டில் பிறந்து இப்போது ஜார்ஜியா மாகாணத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் டாரஸ் கம்பெனியின் 856 என்னும் ஆறு தோட்டா ரிவால்வர், கனெக்டிகட்டின் சார்ட்டர் ஆர்ம்ஸ் செய்யும் அண்டர்கவர் போன்றவை 300 முதல் 450 டாலர் வரையிலான விலைக்குள் வருவன. ரூகர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற பெயர் பொறித்தவையோ பெரும்பாலும் அதற்கு மேலே போய்விடும். மலிவானவற்றுள் ஒன்றுக்கொன்று மெருகிலும் விசையின் வழவழப்பிலும் பேதம் தென்படுவது உண்டு. ஆதலால் பெயரைக் கேட்டு வாங்காமல், கையில் எடுத்த அந்தப் பிரதியையே சோதித்து வாங்க வேண்டும்.

ஆயினும் என் சிபாரிசு பழைய துப்பாக்கிக்கே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1899-இல் வெளியிட்டு, பிற்காலத்தில் மாடல் 10 என்று பெயரிட்ட நான்கங்குல எஃகு ரிவால்வர், அறுபது லட்சத்துக்கும் மேல் தயாராகி, அமெரிக்கப் போலீஸாரின் இடுப்பில் ஒரு தலைமுறைக்கு மேல் தொங்கியது. 1980-களிலும் 1990-களிலும் இலாகாக்கள் பிஸ்டலுக்கு மாறியபோது அவை பெருவாரியாகக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. உறையில் உராய்ந்து கருநீலப் பூச்சுத் தேய்ந்து, பார்ப்பதற்குக் கிழடாகத் தோன்றினாலும், அநேகம் பிரதிகள் சுமக்கப்பட்ட அளவுக்குச் சுடப்பட்டவையல்ல. முன்போல் ஏராளமாகக் கிடைப்பதில்லை, விலையும் ஏறித்தான் இருக்கிறது, அகப்பட்டால் விடாதீர்கள்.

பழையதைச் சோதிக்கும் முறை, சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதைப் போன்றது. கடைக்காரரின் அனுமதி பெற்று, உருளையைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணால் கண்டுகொண்டு மூடி, சுத்தியலை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தால், அது இறுதியில் ‘கிளிக்’ என்று நிற்பதற்குள் உருளையும் தன் ஸ்தானத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியே இதைச் செய்து பார்க்க வேண்டும். விசையை அழுத்திய நிலையிலேயே வைத்துக்கொண்டு உருளையை இடவலமாகவும் முன்பின்னாகவும் அசைத்தால் ஆட்டம் இல்லாதிருப்பது, அல்லது அற்பமாக இருப்பது நலம். உருளைக்கும் குழலுக்கும் நடுவில் மெல்லிய காகிதத்தளவு வெளிச்சம் தெரியலாம். அதற்கு மேல் தெரிந்தால் வேண்டாம். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால், அரைகுறைக் கைத்திறன் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள்.

மலிவு என்ற சொல்லுக்கு அமெரிக்கச் சரித்திரத்தில் வேறொரு நினைவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1981 மார்ச் 30-ஆம் தேதி வாஷிங்டனில் ஜனாதிபதி ரீகனைச் சுட்டவன் கையில் இருந்தது, டல்லாஸ் நகரத்து அடகுக்கடை ஒன்றில் வாங்கிய ஆர்.ஜி.14 என்னும் .22 ரிவால்வர். இத்தகைய மட்டமான குட்டித் துப்பாக்கிகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை 1968-ஆம் வருஷச் சட்டம் தடுத்தபோது, அதைத் தயாரித்த ஜெர்மானியக் கம்பெனி பாகங்களை மட்டும் அனுப்பி மயாமியில் பூட்டி விற்கத் தொடங்கியது. ரீகனைச் சுட்ட அன்று பாய்ந்தவை இரண்டு விநாடிக்குள் ஆறு குண்டுகள்; தலையில் அடிபட்ட பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடி வாழ்நாள் முழுதும் சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் பெயரைத் தாங்கி 1993-இல் நிறைவேறிய சட்டத்தின் பயனாகவே, 1998 நவம்பர் முதல், கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் பூர்த்தி செய்யும் 4473 என்னும் படிவத்தைக் கொண்டு, அவருடைய பூர்வோத்தரத்தைக் கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் பதிவேட்டில் உடனுக்குடன் சரிபார்க்கும் ஏற்பாடு நடைபெறுகிறது. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இவற்றுக்கு மேல் மாகாணத்துக்கு மாகாணம் விதிகள் வேறுபடும். அங்கே வேலை விசாவில் சென்றிருக்கும் நம் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குடியேற்றமல்லாத தாற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் மத்திய சட்டப்படி குற்றம்.

கணக்கில் பலர் மறப்பது பின்னால் வரும் செலவை. ஐம்பது .38 தோட்டாக்கள் அடங்கிய பெட்டி 25 முதல் 35 டாலர் வரை விற்கிறது. மாதம் ஒரு பெட்டி என்று பழகினால் ஒரு வருஷத்துக்குள் ஏறக்குறையத் துப்பாக்கியின் விலையையே தோட்டா விழுங்கிவிடும். காதுக்கும் கண்ணுக்கும் கவசங்கள், ஆசிரியருக்குச் சம்பளம், பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஆகியன தனி. 400 டாலர்தான் முதல் என்றால், துப்பாக்கிக்கு 400 என்று நினைப்பது தவறு.

இரும்புப் பெட்டியைக் கடைசியில் சொன்னதால் அது கடைசியானதன்று. அமெரிக்காவில் துப்பாக்கியால் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறரால் சுடப்பட்டவர்களல்லர். தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். வீட்டில் மனம் தளர்ந்த ஒருவர் இருக்கும் காலத்தில் துப்பாக்கி வாங்கவே வேண்டாம். முன்பே இருந்தால், சட்டம் இடம் தரும் மாகாணத்தில் நம்பிக்கையான இடத்துக்கு அதை மாற்றிவிடுங்கள். 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டையோ பாதுகாப்புச் சாதனத்தையோ சேர்த்தே விற்க வேண்டும். ரசீது வாங்குவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.