உங்களுக்குத் தெரியுமா? ஐவர் கூடினால் ஓர் அடைக்கலம்

வல்வில் ஓரியின் கொடையை ஆடிதோறும் கொண்டாடும் கொல்லிமலையார்க்கு, ஊர் கூடி ஓர் ஏதிலியை வாழ்விக்கும் தர்மம் புதிதன்று. ஆயினும், தம் இயல்பின் பொருட்டே பிறந்த தேசத்தில் உயிருக்கு அஞ்சி, அகதி என அங்கீகாரம் பெற்ற தன்பாலின ஈர்ப்பாளர் ஒருவரை, கனடாவின் பிரஜைகள் ஐவர் சேர்ந்து நிதி திரட்டித் தம் ஊருக்கே வரவழைத்து, வீட்டு வாடகை, மளிகை, பனிக்காலக் கம்பளிச் சட்டை வரை ஓராண்டு காலம் போஷிக்கச் 2024 நவம்பர் வரை சட்டமே இடந்தந்து வந்தது என்பது பலர் அறியாத, நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தி. பால்புதுமை அகதிகளுக்கெனத் தனி உதவித் திட்டம் 2011-இல் அங்கே தொடங்கிற்று. அகதிகளை ஆதரித்தமைக்காக ஐ.நா.வின் நான்சென் விருது கனடா மக்கள் அனைவருக்குமே 1986-இல் அளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழரைக் கரைசேர்த்தவர் கனடாவின் நியூபவுண்ட்லாந்து மீனவரே.