படம் போச்சா? பதறாதீர்கள்!

அரிசியில் கல் கிடந்தால் பொறுக்கி எறிகிறோம். தையல் மெஷினில் நூல் அறுந்து கொண்டே இருந்தால், கோளாறு ஊசியிலா, பாபினிலா என்று நாமே பார்த்துக் கொள்கிறோம். ஆனால் டெலிவிஷனில் படம் நின்று விட்டால் மட்டும், "பெட்டி போச்சு!" என்று உடனே தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். பாவம், அந்தப் பெட்டி! பல சமயங்களில் அது குற்றவாளியே அல்ல. அது தெரியாமல் புதுப் பெட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்க வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர். வீடு மாறும்போதெல்லாம் பாத்திரம் பண்டங்களோடு மாடிக் குடையும் கூடவே வருகிறது. ஒரே மாடியில் தமிழ்க் குடும்பத்துக் குடை ஒன்று, தெலுங்குக் குடும்பத்துக் குடை ஒன்று, கன்னடக் குடும்பத்துக் குடை ஒன்று! வீட்டுக்காரர் இரவு ஷிப்டுக்குப் போயிருக்கும் வேளையில் படம் நின்று விட்டால், மாமியாரையும் குழந்தைகளையும் சமாளிக்க வேண்டியவர் இல்லத்தரசிதானே?

படம் வரும் பாதை

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் துணைக்கோள் இருக்கிறது. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக அதுவும் சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றுகிறது. தூர்தர்ஷனின் 'ஃப்ரீ டிஷ்' சேவைக்கு உதவும் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் இருக்கிறது. ஓசூர் மாடியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருக்கும்.

அங்கிருந்து வரும் அலையைக் குடை குவித்து, தனக்கு முன்னால் நீட்டிக் கொண்டிருக்கும் 'எல்.என்.பி.' என்ற மூக்கில் சேர்க்கிறது. மூக்கிலிருந்து கேபிள் வழியாகச் செட்டாப் பாக்ஸுக்கு; அங்கிருந்து இன்னொரு வயர் வழியாக டெலிவிஷனுக்கு. இந்தப் பாதையில் தடை எங்கே என்று கண்டு பிடித்து விட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

மெனு சொல்லும் சேதி

செட்டாப் பாக்ஸின் ரிமோட்டை எடுத்து 'மெனு' பொத்தானை அமுக்குங்கள். திரையில் மெனு தெரிகிறதா? அப்படியானால் பெட்டியும் டெலிவிஷனும் சுகம். தடை வெளியே, கேபிளிலோ மாடியிலோ இருக்கிறது. மெனுவே வரவில்லையா? வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். குழந்தைகள் டெலிவிஷன் ரிமோட்டைத் தட்டி 'ஹெச்.டி.எம்.ஐ.'யிலிருந்து வேறு எதற்காவது மாற்றியிருக்கலாம். வயர் தளர்ந்திருக்கலாம். ரிமோட்டின் பாட்டரி தீர்ந்திருக்கலாம். செல்போன் காமிராவுக்கு நேரே ரிமோட்டைப் பிடித்துப் பொத்தானை அமுக்கினால், அதன் முனையிலுள்ள சின்ன விளக்கு மின்னுவது பெரும்பாலும் தெரியும். மின்னினால் ரிமோட்டில் உயிர் இருக்கிறது.

பெட்டியின் விளக்கு அணைவதும் எரிவதுமாக இருந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். மின்சாரம் ஏறி இறங்கும் இடங்களில் பெட்டிக்கு முன்னால் உயிரை விடுவது அதுதான். புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவும் முனையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு குறையவே கூடாது.

இரண்டு கோடுகள்

மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று பலத்தைக் காட்டுவது, மற்றது தரத்தைக் காட்டுவது. பலம் இருந்தும் தரம் பூஜ்யமானால், குடை திசை திரும்பியிருக்கக் கூடும். தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர் இடித்திருப்பார். போர்வை உலர்த்தியபோது பட்டிருக்கும். ஆடிக் காற்றும் தன் பங்கைச் செய்திருக்கும். குடை ஒன்றிரண்டு பாகை திரும்பினாலே போதும், படம் போய் விடும். இரண்டு கோடுமே பூஜ்யமானால், கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது மூக்குக் கெட்டிருக்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில வீடுகளில் கன்னடச் சேனல்கள் வரும், தமிழ் வராது. சில வீடுகளில் நேர் எதிர். "எல்லைப் புறமல்லவா, பெட்டிக்கும் கட்சி வந்து விட்டது!" என்று சிரிக்கத் தோன்றும். முதலில் மாதச் சந்தா தீர்ந்ததா என்று பாருங்கள். தீர்ந்திருந்தால் திரையிலேயே எழுத்து வரும். அது இல்லையென்றால் விஷயம் இதுதான்: பெட்டி அதே கேபிள் வழியே மூக்குக்கு 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. அந்த அளவைக் கொண்டே, இரு வகையாக வரும் அலைகளில் எதை எடுப்பது என்று மூக்குத் தீர்மானிக்கிறது. இணைப்பில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்து விட்டால் 18 வோல்ட் குறைந்து போய்ச் சேரும். சேனல்களில் ஒரு பகுதி மட்டும் காணாமல் போகும். இதற்குப் பெட்டியை மாற்றுவது, பல் வலிக்குக் கண்ணாடி போடுவது போலத்தான்!

தண்ணீர் புகாமலிருக்க ஓர் உபாயம். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கட்டும். மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டி விடும்.

வானத்திலேயே கோளாறு

பெருமழை கொட்டும்போது படம் நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இந்த அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். மழைத்துளிகள் அதை விழுங்கி விடுகின்றன. மழை தணிந்தால் படம் தானே வரும். மார்ச் மாதத்திலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்திலும் சில நாள் பகலில் சில நிமிஷம் படம் போவதுண்டு. துணைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்பதே காரணம்.

துணைக்கோளே மக்கர் செய்ததும் உண்டு. 2010 ஜூலை 7-ஆம் தேதி இன்சாட்-4பி துணைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, அதன் கருவிகளில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் சேவை, 91.5 பாகையிலிருந்த மெஸாட்-3 துணைக்கோளுக்கு மாறியது. துணைக்கோள் மாறினால் மாடிக் குடையும் திரும்பத்தானே வேண்டும்? நம் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்து ஹாசனில், 1982-ல் தொடங்கிய நிலையத்திலிருந்து இன்சாட் துணைக்கோள்களை இரவும் பகலும் கண்காணிக்கிறார்கள். அங்கே தீர வேண்டிய கோளாறுக்கு நம் பெட்டியைத் தட்டிப் பயனில்லை. எனவே, அதே கம்பெனியின் குடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் படம் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.

மாடியில் ஜாக்கிரதை

இடி மின்னலின்போது மாடிக்குப் போகவே வேண்டாம். கேபிளையும் தொட வேண்டாம். மேகம் கறுக்கும்போதே பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி விடுவது நல்லது. கேபிள் திருகைக் கழற்றுமுன் மின்சாரத்தை அணைத்து விடுங்கள். நடுக் கம்பியில் சுற்றுக் கம்பி பட்டால் பெட்டி பழுதாகும். கைப்பிடிச் சுவரின் மேல் ஏறிக் குடையைத் திருப்பும் வீரம் யாருக்கும் வேண்டாம். ஒரு நாள் தொடரைத் தவற விட்டால், மறுநாள் யாராவது கதை சொல்லி விடுவார்கள். விழுந்த காலுக்கு யார் பதில் சொல்வது?

இத்தனையும் பார்த்த பிறகு ரிப்பேர்க்காரரைக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டுமா சொல்கிறோம்? எப்போதிலிருந்து ஜுரம், எங்கே வலி என்று சொல்கிறோம் அல்லவா? அதுபோலவே, "மெனு வருகிறது; பலம் இருக்கிறது, தரம் பூஜ்யம்; நேற்றுத் தொட்டி கழுவினார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வருகிறவர் நேரே மாடிக்கே போவார். விவரம் தெரிந்த வீட்டில், தேவையில்லாத பெட்டியை விற்க யாருக்கும் துணிவு வராது!