கொஞ்சம் பொறுங்களேன், ஸார்!

சிக்னலில் பச்சை விளக்கு விழுவதற்கும் பின்னாலிருந்து ஹாரன் அலறுவதற்கும் நடுவே எத்தனை நேரம் இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்! கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூடக் கிடையாது. சில பேர் இன்னும் அவசரக்காரர்கள். கம்பத்திலுள்ள எண் மூன்று, இரண்டு என்று இறங்கும்போதே கச்சேரியை ஆரம்பித்துவிடுகிறார்கள். "நாம ஹாரன் அடிக்கறதாலதான் பச்சை விழுதுன்னு நினைச்சுண்டிருக்கானோ என்னவோ!" என்பார் என் வீட்டுக்காரர்.

முன்னால் ஏன் வண்டி நகரவில்லை என்று எட்டிப் பார்க்கிற பழக்கமும் கிடையாது. ஒரு பாட்டி கையில் கறிகாய்ப் பையுடன் பாதி ரோட்டைத் தாண்டியிருப்பார். அவர் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டாமா? பின்னாலிருந்து அடிக்கிற ஹாரனில் அவர் பதறிப்போய் முன்னாலும் ஓடத் தெரியாமல் பின்னாலும் வரத் தெரியாமல் நடுரோட்டில் நின்றுவிடுகிறார். இதை ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்தாகிவிட்டது.

மேற்கு மாம்பலத்தில் பன்னிரண்டு வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். காலையில் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், திரும்பி வரும்போது காய்கறி, மருந்து, ஏதாவது ஒரு பில் கட்டுவது. ஒரு நாளைக்கு நாலு நடையாவது ஆகிறது. துரைசாமி சுரங்கப்பாதைக்குள் நுழைந்து தி. நகர் பக்கம் வெளியே வருவதற்குள் மனுஷ சுபாவம் முழுவதையும் படித்துவிடலாம்! அந்தக் குறுகல் வழியில், முன்னால் நிற்கிற பஸ் நகர்ந்தால்தானே நானும் நகர முடியும்? அது பின்னால் இருப்பவருக்கும் தெரியும். தெரிந்தும் அடிக்கிறார். சுரங்கப்பாதைக்குள் அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து மண்டையைப் பிளக்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கிற என் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். "பிடிச்சுக்கோடி, விழுந்துடப் போறே!" என்று நான் கத்த வேண்டியிருக்கிறது.

"சத்தம்தானே, போனால் போகிறது" என்று விட்டுவிட முடியாது. காதுக்குள் சின்னஞ்சிறு மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன. சத்தத்தால் அவை கெட்டுப்போனால் திரும்ப முளைப்பதில்லை. நாள் முழுக்க, அதாவது எட்டு மணி நேரம், 85 டெசிபல் சத்தத்தில் இருந்தாலே காதுக்கு ஆபத்து என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காது தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். காதோடு போகிறதா? ஓயாத வாகனச் சத்தத்தில் இருப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது என்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் வீட்டில் நடக்கிறதைப் பார்த்தாலே தெரியுமே! வெளியே போய்விட்டு வந்த பத்து நிமிஷத்துக்குள், பாலைக் கொட்டிவிட்ட குழந்தைக்கு முதுகில் ஒன்று விழுகிறதே, அது குழந்தைக்காக விழுந்த அடியா, பஸ்காரனுக்காக விழுந்த அடியா?

என் தங்கை பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். வீடு தெருவைப் பார்த்த வீடு. எதிரே நாலு மாடிக் குடியிருப்பு. அங்கே யாரையாவது அழைத்துப்போக வருகிறவர் வண்டியை விட்டு இறங்க மாட்டார், போன் செய்யவும் மாட்டார். கையில் போன் இருக்கிறது, ஆனாலும் 'பாம்... பாம்...' என்று அடித்துத்தான் கூப்பிடுவார்! வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவும் அதே ஹாரன்தான். ஒரு மணி நேரம் தூளியை ஆட்டி, தாலாட்டுப் பாடி, அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை, இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டு வீறிட்டு அழும். பிறந்த குழந்தைகளுக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் அப்படித் தூக்கிப்போடுவது இயற்கை. நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது தானாகவே மறைந்துவிடும். ஆனால் அந்த ஆறு மாதமும் அம்மாக்காரிக்குத் தூக்கம் வேண்டாமா? தையல் ஆறாத உடம்பு, ராத்திரி மூன்று தடவை பால் கொடுத்த அசதி. பகலில் குழந்தை தூங்குகிற அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கும் தூக்கம். ஒருநாள் குழந்தையைவிட அதிகமாக அவள் அழுதாள்.

என் அம்மா சண்டைக்குப் போகவில்லை. ஓர் அட்டையில் பெரிய எழுத்தில், 'இங்கே கைக்குழந்தை தூங்குகிறது. ஹாரன் அடிக்காதீர்கள்' என்று எழுதி, எதிர் வீட்டு வாட்ச்மேனிடம் கொடுத்து அவர்கள் கேட்டில் கட்டச் சொன்னாள். கையோடு ஒரு டம்ளர் காபியும்! நூற்றுக்கு நூறு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் குறைந்தது. கேட்டை முன்கூட்டியே திறந்துவைக்க வாட்ச்மேன் பழகிக்கொண்டார்.

இதற்குச் சட்டமே இருக்கிறது என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி. அங்கே ஹாரனே கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, ஏதாவது பொது ஆபத்து என்றாலொழிய ஹாரன் அடிக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்தில், தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடி அடித்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று போட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் கட்டினார்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்! மும்பையில் போலீஸார் 2020-ல் ஒரு வேடிக்கை செய்து காட்டினார்கள். சில சிக்னல்களில் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். அடி, அடி, நன்றாக அடித்துக்கொண்டு நில்! எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒரு வழிப் பாதையில் எதிரே வந்துவிட்டு நம்மை முறைப்பவர். நம் வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு, "ரெண்டே நிமிஷம் மேடம்" என்று முக்கால் மணி நேரம் காணாமல் போகிறவர். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகத்தைக் குறைக்காமல் போய், நடந்து போகிறவளின் புடவையைச் சேற்றில் குளிப்பாட்டுகிறவர். பஸ் ஜன்னலிலிருந்து கீழே பார்க்காமல் எச்சில் துப்புகிறவர். நடைபாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து, நடக்கிறவளைப் பார்த்து ஹாரன் அடிக்கிறவரை என்னவென்று சொல்வது!

ராத்திரியில் எதிரே வருகிறவர்களின் கண் கூசும் விளக்கும் அப்படித்தான். அந்தக் காலத்தில் கார், லாரி விளக்குகளின் மேல் பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? இப்போதெல்லாம் வெள்ளை வெளேரென்று எரிகிறது. எதிர் வண்டி கடந்துபோன பிறகும் சில விநாடிகள் ரோடே தெரிவதில்லை. வயதாக ஆகக் கண் தெளிய இன்னும் அதிக நேரம் பிடிக்கும். அந்தச் சில விநாடிகளில்தான் பள்ளமும், படுத்திருக்கிற மாடும் வந்து வாய்க்கும்.

ஆனால் இவையெல்லாம் எரிச்சலோடு போய்விடும். எரிச்சலோடு போகாதது ஒன்று உண்டு. என் மாமியாரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போன அந்தச் சாயங்காலம்.

மார்பில் பாரமாக இருக்கிறது என்றார், வேர்த்துக் கொட்டியது. 108-க்குப் போன் செய்தோம், வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. அதில் குறையில்லை. மாலை ஆறரை மணி. கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறுவதற்குள்தான் உயிர் போய் உயிர் வந்தது. சைரன் அலறிக்கொண்டே இருக்கிறது, முன்னால் ஒரு கார் வழி விடாமல் நடுவிலேயே போகிறது. இடது பக்கம் இடம் இருந்தது, ஒதுங்கியிருக்கலாம். அதுகூடப் பரவாயில்லை. பின் கண்ணாடி வழியே பார்க்கிறேன், எங்கள் வண்டியை ஒட்டிக்கொண்டு நாலைந்து மோட்டார் சைக்கிள்கள்! ஆம்புலன்ஸ் பிளந்துகொண்டு போகிற வழியில் தாங்களும் சுலபமாகப் போய்விடலாம் என்ற கணக்கு. ஒருவர் எங்களை முந்திக்கொண்டு முன்னால் புகுந்தார். டிரைவர் சடாரென்று பிரேக் போட, ஸ்ட்ரெச்சர் குலுங்கி, மாமியார் என் கையை நகம் பதியப் பிடித்தார். "தினமும் இப்படித்தாம்மா. ஒதுங்காதவங்களைக்கூடப் பொறுத்துக்கலாம், பின்னாடியே வர்றவங்களைத்தான் பொறுக்க முடியலை" என்றார் கூட வந்த உதவியாளர்.

மாரடைப்பில் ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிஷமும் இதயத்தின் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. போன தசை திரும்பி வராது. மாமியார் பிழைத்துவிட்டார். ஆனால் மாடிப்படி ஏற முடியவில்லை, மொட்டை மாடியில் வடாம் போடுவது அவருக்கு உயிர், அது நின்றுபோயிற்று. அந்த மேம்பாலத்தில் இழந்த நிமிஷங்களின் விலை அதில் எவ்வளவு என்று யாரால் கணக்குச் சொல்ல முடியும்?

வண்டி ஓட்டுகிற சகோதரிகள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சைரன் கேட்டால் பதறி நடுவில் நின்றுவிடாமல், கைகாட்டி போட்டு மெதுவாக இடது ஓரம் ஒதுங்குங்கள். ஆம்புலன்ஸ் போனதும் உடனே ரோட்டுக்குள் திரும்பாதீர்கள், பின்னால் இன்னொன்று வரலாம். வழி விடாதவர்களுக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதே 2019 திருத்தம் சொல்கிறது. கணவரோ பிள்ளையோ ஓட்டினால் அவர்கள் காதில் போட்டுவைப்பது நம் பொறுப்பு.

ரோட்டில் இருக்கிற எல்லோரும் பொல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டாண்டை எடுக்க மறந்து ஒரு பெண் போய்க்கொண்டிருந்தால் போதும், டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், சைக்கிளில் போகிற பையன் எல்லோரும், "ஸ்டாண்ட்! ஸ்டாண்ட்!" என்று கத்துவார்கள். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்துப் பக்கம் பறந்தால் துரத்திக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அது தொந்தரவு இல்லை, உயிர்ப் பிச்சை! பகலில் விளக்கு எரிகிறது என்று விரலை மடக்கி விரித்துச் சைகை செய்கிறவர்கள்தான் பாவம். 2017 ஏப்ரல் முதல் புது இரு சக்கர வண்டிகளில் விளக்கு தானாகவே எரிந்துகொண்டிருக்கும்படிதான் செய்கிறார்கள், அணைக்க முடியாது. இருந்தாலும் நான் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுத்தான் போகிறேன். நல்ல மனசோடு சொல்கிறவரிடம் சட்டம் பேசுவானேன்?

எங்கள் பெண் படிக்கிற பள்ளிக்கூட வாசலில் காலை எட்டேகாலுக்கு நடக்கிற அமளியைத் தாய்மார்கள் சிலர் சேர்ந்து கொஞ்சம் அடக்கியிருக்கிறோம். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி எஞ்ஜினை அணைத்துவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்து ஐம்பதடி நடந்து போய் விடுவது என்று ஏற்பாடு. முதலில் ஆறு பேர்தான் இருந்தோம். இப்போது முப்பது பேருக்கு மேல் ஆகிவிட்டோம். வாசல் வரை காரைக் கொண்டுவந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் மசியவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் அவருடைய பையனே, "எல்லோரும் நடந்து போறாங்கப்பா, என்னையும் இங்கேயே இறக்கி விடு" என்று முனையில் இறங்கிக்கொண்டான். மறுநாளிலிருந்து காரும் அங்கேயே நிற்கிறது.