மதுவும் வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவும் – ஒரு சமூக நோக்கு

மதுப்பழக்கம் நமது சமூகத்திலே பெரும்பாலும் ஒழுக்கத்தின் பாற்பட்ட பிரச்சினையாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. குடிப்பவனைத் திருத்துதலே அந்நோக்கின் சாரம். வைத்தியத்துறை சார்ந்தோரோ ஈரல் நோய் முதலான நீண்டகால விளைவுகளை வலியுறுத்துவர். இவ்விரு நோக்குகளுக்கும் இடையே கவனியாது விடப்பட்ட ஓரிடம் உண்டு. அதுவே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு. மதுவுக்காக ஒரு சமூகம் கொடுக்கும் விலை இரவுதோறும் வந்து சேரும் இடம் அது. அவ்விலை ஏன் கணக்கில் ஏறுவதில்லை என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

மதுவின் காரணமாக அப்பிரிவை நாடுவோர் ஒரு வகையினரல்லர். மிதமிஞ்சிக் குடித்து நினைவிழந்தோர் ஒருசாரார். வெறியில் வீழ்ந்தும், வாகனத்தை மோதியும், கைகலந்தும் காயமுற்றோர் இன்னொரு சாரார். நாட்பட்ட குடியினால் இரத்தவாந்தியோடும் கணைய அழற்சியோடும் வருவோர் பிறிதொரு சாரார். இவர்களோடு, ஒரு துளியும் அருந்தாதோரும் வருகின்றனர்: குடித்த சாரதியின் வாகனத்தில் மோதுண்ட பாதசாரி, குடித்த கணவனால் தாக்கப்பட்ட மனைவி. இலங்கையில் மது அருந்துவோர் பெரும்பாலும் ஆண்களே. ஆயின் அதன் காயங்களைச் சுமப்போரில் பெண்களும் சிறுவரும் அடங்குவர். 2019இல் உலகில் 26 இலட்சம் மரணங்கள் மதுவினால் நேர்ந்தன என உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகின்றது. அவற்றுள் ஏறத்தாழ 7 இலட்சத்து 24 ஆயிரம் காயங்களின் விளைவானவை. அதாவது, அவை அவசர சிகிச்சைப் பிரிவோடு நேரடித் தொடர்புடையவை.

இச்சுமை எண்ணிக்கையினால் மட்டும் அமைவதன்று. மது நோயை மறைக்கின்றது. தலையில் அடிபட்டு மண்டையோட்டினுள் இரத்தம் கசிவதனால் நினைவு மங்குபவனும், அதிகம் குடித்ததனால் நினைவு மங்குபவனும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே கிடப்பர். குருதியில் குளுக்கோசு குறைந்தவனும் அவ்வாறே. 1974இல் வகுக்கப்பட்ட கிளாஸ்கோ அளவுகோல் கண் திறத்தல், பேச்சு, அசைவு என்னும் மூன்றையும் கொண்டு நினைவு நிலையை மதிப்பிடுகின்றது. மதுவோ அம்மூன்றையுமே குழப்புகின்றது. 'வெறி முறியட்டும்' என ஒதுக்கிக் கிடத்தப்படுபவன் விடியுமுன் இறந்துபோதல் கூடும். ஆகவே மதுவாடை வீசும் ஒவ்வொருவரையும் வைத்தியரும் தாதியரும் திரும்பத் திரும்பப் பரிசோதித்தாக வேண்டும். இதனை விரைவுபடுத்தவும் இயலாது. சராசரியாக 100 மில்லிலீற்றர் குருதியிலிருந்து மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் மதுசாரமே அகலும். 300 மில்லிகிராம் அளவோடு வருபவரின் குருதியிலிருந்து அது முற்றாக நீங்க 15 மணித்தியாலங்களுக்குக் குறையாது. அவ்வளவு நேரமும் ஒரு கட்டிலும் ஒரு தாதியின் கவனமும் அவருக்கு வேண்டும். மாரடைப்போடு வரும் முதியவரும் மூச்சுத்திணறலோடு வரும் குழந்தையும் அதே கவனத்தையே எதிர்பார்த்து நிற்கின்றனர்.

இனி, நமது நாட்டின் அனுபவம் ஒன்றை நோக்குவோம். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. பீடைகொல்லியே அதில் பிரதான கருவி. அதனை அருந்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆண்களிற் கணிசமானோர் மது அருந்தியும் இருந்தனர். கொடிய பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், இருபது ஆண்டுகளில் அவ்வீதம் மூன்றிலொரு பங்களவுக்கு வீழ்ந்தது. இதனைச் சாதித்தது உபதேசமன்று. நஞ்சு கைக்கெட்டும் நிலையை மாற்றிய சட்டமே.

மது விடயத்தில் அத்தகைய துணிவு அரசுகளிடம் காணப்படாமைக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசு சாராயக் குத்தகையை ஏலத்தில் விற்றுப் பெருவருமானம் ஈட்டியது. அக்குத்தகையின் வழியே உள்ளூர் முதலாளி வர்க்கத்தின் ஒரு பகுதி மூலதனம் திரட்டியதைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளிவந்த தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். குத்தகை முறை மறைந்தபின்னும் மதுவரி திறைசேரியின் முக்கிய வருவாயாகவே நீடிக்கின்றது. அவ்வருவாய் ரூபாவிலும் சதத்திலும் ஏட்டில் ஏறுகின்றது. இலவச சுகாதார சேவை தாங்கும் செலவோ 'வீழ்ச்சி', 'தாக்குதல்', 'வீதி விபத்து' என்னும் தலைப்புகளின் கீழ்ச் சிதறி மறைகின்றது. நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் மதுவின் தொடர்பைக் குறிப்பதற்கெனத் தனிக் குறியீடுகள் உள்ளன. எனினும் நெருக்கடி மிகுந்த இரவிலே அவற்றைப் பதிவதற்கு நேரம் வாய்ப்பதரிது. பதியப்படாதது கொள்கை வகுப்போர் கண்ணிற் படுவதுமில்லை.

பதிவு ஒன்றினால் என்ன பயன் என வினவலாம். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரம் அதற்கு விடை தருகின்றது. அங்கு முகக்காயங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்துவந்த பேராசிரியர் ஜொனதன் ஷெப்பேர்ட், வன்முறையாற் காயமுற்று வருவோரிற் பெருந்தொகையினர் பொலிஸ் பதிவுகளில் இடம்பெறாமையைக் கண்டார். தாக்குதல் எங்கே, எப்போது, எதனால் நிகழ்ந்தது என்பதை அவசர சிகிச்சைப் பிரிவில் வினவி, பெயர்களை நீக்கி, பொலிஸாருக்கும் நகரசபைக்கும் வழங்கும் முறை உருவாயிற்று. எம்மதுச்சாலையைச் சூழ, எவ்வேளையில் காவல் வேண்டும் என்பது அதனாற் புலப்பட்டது. 2011இல் வெளியான ஆய்வின்படி, வன்முறைக் காயங்களுக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோர் தொகை அந்நகரில் ஓர் இலட்சம் பேருக்கு மாதத்துக்கு 7இலிருந்து 5 ஆகக் குறைய, ஒப்புநோக்கப்பட்ட நகரங்களில் 5இலிருந்து 8 ஆக உயர்ந்தது.

இம்முறையை நமது சூழலுக்கேற்ப அமைத்தல் இயலாததன்று. ஆயின் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். பதிவு நோயாளியைத் தண்டிக்கும் கருவியாக மாறின், தாக்கப்பட்ட மனைவியும் வைத்தியசாலைக்கு வர அஞ்சுவாள். ஆகவே பெயர் மறைக்கப்படல் அவசியம். அன்றியும், குடித்தவன் என்பதனால் ஒருவனுக்கு உரிய கவனிப்பு குறைதலாகாது. கசிப்பில் உடல்வலியை மறக்கும் உழைப்பாளியை இகழ்வது எளிது. அவனது உழைப்பின் கொடுமையையும், அவனது குடியினால் இலாபமடைவோரையும் வினாவுக்குட்படுத்துவது அரிது. திறைசேரியின் வரவேட்டுக்கு எதிரே வைத்தியசாலையின் செலவேட்டையும் விரித்து வைக்கும்போதே அவ்வினா பொதுவில் எழும். அவ்வேட்டின் முதல் வரி அவசர சிகிச்சைப் பிரிவிலேயே எழுதப்படல் வேண்டும் என்பது எமது துணிபு.