உங்களுக்குத் தெரியுமா? இரண்டு போர்களுக்கு நடுவே சென்னைப் பட்டணம்

முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தது. இரண்டாவது 1939-இல் தொடங்கியது. இடையில் கிடைத்த அந்த இருபத்தோரு ஆண்டுகளில் சென்னையில் கடை திறந்தவர்கள், பள்ளி நடத்தியவர்கள், ஊருக்குப் பயன்படும்படி எதையாவது தொடங்கியவர்கள் பற்றிச் சில செய்திகள்.

✦ பள்ளியில் மதிய உணவு என்றதும் காமராஜர் பெயர் வாயில் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் அவர் முதலமைச்சராவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் முன்பே, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போட ஏற்பாடாகிவிட்டது. அப்போது நகரசபைத் தலைவர் பிட்டி தியாகராயர். பசியோடு இருக்கிற பிள்ளை பள்ளிக்கு வராது, வந்தாலும் நிலைக்காது என்பதைப் பள்ளியின் வருகைக் கணக்கே அவருக்குக் காட்டியது. 1920 செப்டம்பர் 16 அன்று நகரசபை ஒப்புதல் தந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று வரம்பும் கட்டியது. ஒரு ரூபாயில் பதினாறு பிள்ளைகளின் வயிறு நிறைய வேண்டும்!

திட்டம் இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் போனது, சேர்க்கை கூடியது. 1925 ஏப்ரலில் அது நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியை எடுத்துச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று மாகாண அரசு தடை போட்டதுதான் காரணம். நகரசபை அதோடு விட்டுவிடவில்லை. வேறு வழி பார்த்து மீண்டும் தொடங்கியது. இந்த நகரத்தின் எந்தச் சிவப்புக் கட்டிடத்தைவிடவும் அந்த ஓரணாவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

✦ மேயர் பதவி 1933-இல் மீண்டும் வந்தது. அப்படி வந்த முதல் மேயர் ராஜா சர் முத்தையா செட்டியார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் நகரசபைக்குத் தலைவர் மட்டும்தான்.

✦ மாநகராட்சி வானொலி நடத்தியது தெரியுமா? சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். வெறும் 40 வாட் ஒலிபரப்பி. பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி நிலையம் திறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சென்னையில் பாட்டும் பேச்சும் காற்றில் வந்தன. பணமில்லாமல் 1927-இல் கிளப் மூடப்பட்டது. கருவிகள் மாநகராட்சியிடம் போய்ச் சேர்ந்தன. வாங்கி மூலையில் போடவில்லை. 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் கட்டிடத்திலிருந்து ஒலிபரப்பே தொடங்கிவிட்டது.

வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதனால் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். மாலையில் கடற்கரைக்கு வந்தவர், காசு கொடுக்காமல் கச்சேரி கேட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனி நேரமும் ஒதுக்கினார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கும்வரை, எட்டு ஆண்டுகள், இதை ஒரு நகரசபை தானே நடத்தியது. குப்பை அள்ளுவதும் குழாய்த் தண்ணீர் விடுவதும் மட்டுமே தன் வேலை என்று அது நினைக்கவில்லை.

✦ தியாகராய நகரில் நீங்கள் புடவை வாங்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் நின்றது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த நெடும் ஏரியை 1920-களில் வடித்து, மாம்பலத்தில் மனை பிரித்தார்கள். 1925-இல் மறைந்த தியாகராயரின் பெயர் புது நகருக்கு வந்தது. தெருப் பெயர்களைப் படித்தாலே அன்றைய நீதிக்கட்சியின் கூட்டத்துக்குப் போய்வந்த மாதிரி இருக்கும்: உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, ஜி.என். செட்டி சாலை, நடுவில் பனகல் பார்க். நல்லி சின்னசாமி செட்டி 1928-இல் இங்கே பட்டுக்கடை வைத்தார். ஏரி போய்விட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு மட்டும் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும்போது, இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு வியப்பு வராது.

✦ கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே ஓடியது. மீட்டர் கேஜ் பாதை. மாம்பலத்தில் வீடு கட்டி, பாரிமுனையில் வேலை பார்க்க முடிந்தது இதனால்தான். 1937-இல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கே குடிபோனது.

✦ மளிகைக் கடையில் மக்களே முதலாளி என்ற எண்ணம் திருவல்லிக்கேணியில் 1904-லேயே முளைத்துவிட்டது. டி.யு.சி.எஸ். என்று இன்றும் நாம் சொல்லும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்தான் அது. தொடங்கியவர்களில் ஒருவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, அப்போது அவர் இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் அரிசி, பருப்பு விலை ஏறியபோது, மாதச் சம்பளக் குடும்பங்கள் இந்தச் சங்கத்துக் கடைகளை நம்பி இருந்தன.

✦ காபி கிளப்புகள் பெருகியதும் இந்தக் காலத்தில்தான். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கே. கிருஷ்ண ராவ், அடுக்களை வேலை பார்த்து முன்னேறி, உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ் நடத்தி, 1930-களின் கடைசியில் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் திறந்தார். ஆனால் அந்நாளைய ஓட்டல்களைப் பற்றி ஆசையாகப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது: பலவற்றில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது, தாழ்த்தப்பட்ட சாதியார் பல ஓட்டல்களுக்குள் நுழையவே முடியாது. காபியின் மணத்தைச் சொல்பவர்கள் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

✦ ஐஸ் ஹவுஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டியது. போர்களுக்கு நடுவே அங்கே இருந்தவர்கள் இளம் விதவைகள். தலைமழித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட சிறுமிகளைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார் சகோதரி சுப்புலட்சுமி. அவரும் குழந்தை விதவை. 1911-இல் பட்டம் பெற்றவர். 1922-இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கும் அவரே முதல்வர். ஐஸ் ஹவுஸ் விடுதியில் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இடம் என்ற குறை இருந்தது. இருந்தும், அங்கே படித்துப் போன பெண்கள் எத்தனை ஊர்ப் பள்ளிகளில் கரும்பலகை முன் நின்றிருப்பார்கள்!

✦ தேவதாசிக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக்கு அடைக்கலம் தேடி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதி கிடைக்கவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் பிறந்தது அப்படித்தான். சட்டமன்றத்தில் தேவதாசி முறையை எதிர்த்துப் பேசியவர், அந்தப் பேச்சின் விளைவுகளுக்கும் தன் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தார் என்பதுதான் அவரைத் தனித்து நிறுத்துகிறது.

✦ சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மயிலாப்பூரில் சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளி 1937-இல் வந்தது. தொடங்கியவர்கள் வி.என். சர்மாவும் ஜெர்மனியில் பிறந்த அவர் மனைவி எல்லன் சர்மாவும்.

✦ நோயாளியைப் பார்க்க விமானத்தில் போன மருத்துவர் டாக்டர் எஸ். ரங்காச்சாரி. சொந்தமாகப் புஸ் மாத் விமானம் வைத்திருந்தார். 1934-இல் மறைந்தார். அரசு பொது மருத்துவமனை வாசலில் நிற்கும் சிலை அவருடையதுதான். அடுத்த முறை சென்ட்ரலிலிருந்து அந்தப் பக்கம் நடந்தால் அண்ணாந்து பாருங்கள்.

✦ 1932 அக்டோபரில் டாட்டாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. கராச்சி முதல் பம்பாய் வரை ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாட்டா, அங்கிருந்து சென்னைக்கு நெவில் வின்சென்ட்.

✦ கணித விரிவுரையாளராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டன் போய்ப் பயின்று திரும்பியவர், வாசகர் தாமே புத்தகத்தை எடுத்துப் பார்க்கும்படி அலமாரிகளைத் திறந்துவிட்டார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம், அடுத்த ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு. நூலகத்துக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் பழைய புத்தகத்துக்கு மூர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். பக்கத்திலேயே உயிர் காலேஜ் என்று மக்கள் அழைத்த மிருகக்காட்சி சாலை.

✦ தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று கினிமா சென்ட்ரலில் வெளியானது. நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார்.

✦ இந்தச் செய்திகளில் பெரும்பாலானவை எழுதிவைக்கப்பட்டதால் பிழைத்தவை. தெருமுனை மளிகைக் கடை, திண்ணைப் பள்ளி, தையற்கடை, வாடகைச் சைக்கிள் கடை ஆகியவற்றைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துக் கடை ரசீது, பள்ளிச் சான்றிதழ், கணக்கு நோட்டு ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஒரு முறை காட்டுங்கள்.