உண்ணி சிறிது, ஆபத்து பெரிது

ராஜஸ்தான் மாநிலத்தின் மேற்கே தார் பாலைவனம் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் மணல். இடையிடையே முள் மரங்கள். மழை மிகவும் குறைவு. இந்தப் பாலைவனத்தில் மனிதனுக்கு உற்ற துணை ஒட்டகம்.

இங்கே தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்ப்பவர்கள் ரைக்கா மக்கள். ரெபாரி என்றும் இவர்களை அழைப்பார்கள். மந்தையை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடி ஊர் ஊராகச் செல்வார்கள். ஒட்டகம் பால் தருகிறது. ரோமம் தருகிறது. வண்டி இழுக்கிறது. அதன் சாணமும் எருவாகிறது.

இப்போது ஒட்டகங்கள் குறைந்து வருகின்றன. 2012ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் அது சுமார் இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்டது. அவற்றில் பெரும்பகுதி ராஜஸ்தானில்தான் இருக்கிறது. 2014இல் அந்த மாநில அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது.

ஒட்டகத்தைக் காக்க வேண்டும். ஒட்டகம் வளர்ப்பவரையும் காக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான ஓர் எதிரி உண்டு. அதுதான் உண்ணி.

உண்ணி எப்படி வாழ்கிறது?

மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் உண்ணியைப் பார்த்திருப்பீர்கள். அது பூச்சி போலத் தெரியும். ஆனால் அது சிலந்தியின் உறவு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். அதன் ஒரே உணவு இரத்தம்.

உண்ணிகளில் பல வகை உண்டு. ஒட்டகத்தின் மேல் அதிகம் காணப்படுவது ஹையலோமா என்ற வகை. அதன் கால்களில் வெள்ளையும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். மணலிலும், கல் இடுக்கிலும், தொழுவத்துச் சுவர் வெடிப்பிலும் அது ஒளிந்திருக்கும். கால்நடை அருகில் வந்தால் அதற்குத் தெரிந்துவிடும். மூச்சுக் காற்றையும் தரையின் அதிர்வையும் உணர்ந்து வேகமாக ஓடி வந்து ஏறிக்கொள்ளும்.

மடி, தொடை இடுக்கு, வாலின் அடி, காது போன்ற மெல்லிய தோல் உள்ள இடங்களில் உண்ணி ஒட்டிக்கொள்ளும். நாள் கணக்கில் இரத்தம் குடிக்கும். பெண் உண்ணி குடித்துக் குடித்துப் பருத்துவிடும். பிறகு தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டை இடும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் உண்ணி பல மாதம் உயிரோடு இருக்கும்.

இரத்தம் போவதால் ஒட்டகம் மெலிகிறது. கடித்த இடம் புண்ணாகிறது. இவற்றைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. சில உண்ணிகள் தம் உடலில் நோய்க் கிருமியைச் சுமந்து வருகின்றன.

இரண்டு ஊர்ப் பெயர் கொண்ட நோய்

அந்தக் கிருமி ஒரு வைரஸ். அதனால் வரும் நோய்க்குக் கிரிமியா-காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர். பெயர் நீளமானது. அது வந்த கதை எளிது.

1944இல் கிரிமியா என்னும் பகுதியில் போர் வீரர்களுக்கும் விவசாயிகளுக்கும் கடுமையான காய்ச்சல் வந்தது. உடலிலிருந்து இரத்தம் கசிந்தது. 1956இல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் ஒரு நோயாளியின் இரத்தத்தில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒரே நோய்தான் என்பது 1969இல் தெரிந்தது. அதனால் இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

இந்தியாவில் முதன்முதலாக இந்த நோய் உறுதியானது 2011 ஜனவரியில். குஜராத்தில் அகமதாபாத் மாவட்டத்தில் சானந்த் அருகே கோலாட் என்ற கிராமம் உள்ளது. அங்கே ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் இறந்துவிட்டார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவருக்கும் நர்சுக்கும் அதே நோய் தொற்றியது. அவர்களும் இறந்தார்கள். புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் இரத்தத்தைச் சோதித்து நோயை உறுதி செய்தது.

அதன் பிறகும் குஜராத்தில் இந்த நோய் பலமுறை வந்தது. 2014 முதல் ராஜஸ்தானிலும் வந்தது. சிரோஹி, ஜோத்பூர், ஜெய்சால்மர் பகுதிகளில் மக்கள் பாதிக்கப்பட்டார்கள். இவை கால்நடை வளர்ப்பவர்கள் நிறைந்த பகுதிகள்.

ஒட்டகத்துக்கு என்ன ஆகும்?

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. கிருமி உள்ள உண்ணி ஒட்டகத்தைக் கடிக்கிறது. வைரஸ் ஒட்டகத்தின் இரத்தத்தில் சேர்கிறது. சுமார் ஒரு வாரம் அங்கே இருக்கிறது. ஆனால் ஒட்டகத்திடம் நோயின் அடையாளம் எதுவும் தெரிவதில்லை. அது வழக்கம் போல் மேயும். வழக்கம் போல் நடக்கும். மாடு, ஆடு, செம்மறி ஆடு இவற்றுக்கும் இப்படித்தான்.

சூடான், மொரிட்டானியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் ஒட்டகங்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பல ஒட்டகங்களுக்கு இந்தக் கிருமி வந்து போன அடையாளம் இருந்தது. இந்தியாவில் மாடு, ஆடுகளின் இரத்தத்திலும் அந்த அடையாளத்தைக் கண்டிருக்கிறார்கள்.

அந்த ஒரு வாரத்தில் வேறு உண்ணிகள் வந்து இரத்தம் குடித்தால் அவற்றுக்கும் கிருமி சேரும். உண்ணியின் முட்டை வழியாக அதன் குஞ்சுகளுக்கும் கிருமி போகலாம். இப்படியே அது மந்தையைச் சுற்றி வருகிறது.

மனிதனுக்கு எப்படி வருகிறது?

மூன்று வழிகளில் வருகிறது.

ஒன்று, உண்ணி கடிப்பதால் வரும். உண்ணியை வெறும் விரலால் நசுக்கினாலும் வரலாம். மேய்ப்பவர் பலர் உண்ணியைப் பிடுங்கி நகத்தால் நசுக்குவது வழக்கம். விரலில் சிறு கீறல் இருந்தால் போதும். கிருமி உள்ளே போய்விடும்.

இரண்டு, கிருமி உள்ள கால்நடையின் பச்சை இரத்தத்தைத் தொடுவதால் வரும். ரைக்கா மக்களிடம் ஒட்டகத்தை அறுக்கும் வழக்கம் இல்லை. 2015இல் ராஜஸ்தானில் அதைத் தடை செய்து சட்டமும் வந்தது. ஆனால் ஆடு அறுப்பவர்கள், பிரசவம் பார்ப்பவர்கள், காயத்துக்கு மருந்து போடுபவர்கள் எல்லோரும் இரத்தத்தைத் தொடுகிறார்கள்.

மூன்று, நோயாளியின் இரத்தமும் உடல் நீரும் படுவதால் வரும். கோலாட் பெண்ணுக்குச் சிகிச்சை செய்தவர்களுக்கு நோய் வந்தது இப்படித்தான்.

அறிகுறிகள்

உண்ணி கடித்தால் பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் நோய் தொடங்கும். இரத்தம் பட்டு வந்தால் 5 அல்லது 6 நாள் ஆகும். சிலருக்கு 13 நாள் வரை ஆகலாம்.

திடீரென்று கடும் காய்ச்சல் அடிக்கும். தலைவலி, முதுகுவலி, கண்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். வெளிச்சம் பார்த்தால் கண் கூசும். பிறகு தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். மூக்கிலும் ஈறிலும் இரத்தம் கசியும். இந்த நோய் வந்த 100 பேரில் 10 முதல் 40 பேர் வரை இறந்துவிடலாம். பிழைப்பவர்கள் ஒன்பது பத்து நாளில் தேறத் தொடங்குவார்கள்.

தொடக்கத்தில் இது சாதாரணக் காய்ச்சல் போலவே இருக்கும். டெங்கு என்றும் நினைக்கலாம். அதனால் நோயாளி மருத்துவரிடம் மூன்று செய்திகளைத் தானாகவே சொல்ல வேண்டும். தான் கால்நடை வளர்ப்பவர் என்று சொல்ல வேண்டும். உண்ணி கடித்ததா என்று சொல்ல வேண்டும். கால்நடையின் இரத்தத்தைத் தொட்டாரா என்று சொல்ல வேண்டும். இந்த மூன்று செய்திகள் நோயாளியின் உயிரைக் காக்கும். மருத்துவரின் உயிரையும் நர்சின் உயிரையும் காக்கும். அவர்கள் முன்கூட்டியே கையுறையும் முகமூடியும் அணிந்துகொள்வார்கள்.

மந்தையை விற்றுவிட வேண்டுமா?

வேண்டாம். ஒட்டகத்தை விரட்டினால் பிழைப்புப் போகும். உண்ணி அங்கேயே இருக்கும். மற்றொரு கால்நடையின் மேல் ஏறிக்கொள்ளும். இந்த நோய்க்குப் பொது மக்களுக்குப் போடும் தடுப்பூசி இன்னும் வரவில்லை. உண்ணியை ஒழிப்பதே வழி.

• மந்தையைத் தினமும் தடவிப் பாருங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

• கால்நடை மருத்துவரைக் கேட்டு உண்ணி மருந்து போடுங்கள். மருந்து போட்ட பின் எத்தனை நாள் பாலைக் குடிக்கக்கூடாது என்றும் கேளுங்கள்.

• தொழுவத்துச் சுவர் வெடிப்பை மண் பூசி அடையுங்கள். உண்ணி ஒளிய இடம் தராதீர்கள்.

• சந்தையில் வாங்கிய கால்நடையை உடனே மந்தையில் சேர்க்காதீர்கள். உண்ணி மருந்து போட்டு இரண்டு வாரம் தனியாகக் கட்டுங்கள்.

• முழுக்கை உடை அணியுங்கள். வெளிர் நிற உடையில் உண்ணி ஏறினால் எளிதில் தெரியும். வீடு திரும்பியதும் உடலைச் சோதியுங்கள்.

• உடலில் உண்ணி ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடியுங்கள். நேராக மேலே இழுங்கள். நசுக்க வேண்டாம். தீயால் சுட வேண்டாம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

• பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். இறைச்சியை நன்றாக வேகவைத்து உண்ணுங்கள்.

• வீட்டில் ஒருவருக்கு இரத்தம் கசியும் காய்ச்சல் வந்தால் அந்த இரத்தத்தை வெறும் கையால் துடைக்காதீர்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்கு ஆடும் ஒட்டகமும் மேய்க்கப் போகிறார்கள். அந்த நாடுகளிலும் இந்த நோய் உண்டு. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

பேசிப் பாருங்கள்

1. நோய் உள்ள ஒட்டகத்தைப் பார்த்தவுடன் ஏன் கண்டுபிடிக்க முடியாது?

2. உண்ணியை ஏன் கையால் நசுக்கக்கூடாது?

3. காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

4. உங்கள் ஊரில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உண்ணி வந்தால் என்ன செய்கிறார்கள்? அதில் எதை மாற்ற வேண்டும்?