ஐப்பசி வானத்தைப் படிக்கலாம், வாருங்கள்!

மாணவர்களே, ஐப்பசி மாதத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் போனால் இரண்டு காட்சிகளை அருகருகே காணலாம். ஒரு பக்கம் அறுவடையான குறுவை நெல், கொள்முதல் நிலையத்தின் வாசலில் காய்ந்துகொண்டிருக்கும். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கொள்முதலுக்கான பொதுவிதி. சில ஆண்டுகளில் இது தளர்த்தப்படுவதும் உண்டு. மறு பக்கம், நட்டுச் சில நாட்களே ஆன சம்பாப் பயிர். "இன்னும் நான்கு நாள் மழை வேண்டாம்" என்கிறார் குறுவைக்காரர். சம்பாக்காரரோ, "இன்று யூரியா போடலாமா, போட்டால் மழை அடித்துக்கொண்டு போய்விடுமா?" என்று அண்ணாந்து பார்க்கிறார்.

இருவருக்கும் தெரியவேண்டியது ஒன்றுதான்: வரும் வாரம் வானம் என்ன செய்யும்? இதற்கு விடை சொல்ல இரண்டு ஏடுகள் உள்ளன. ஒன்று வானிலை அறிக்கை. மற்றொன்று மேகம். முதலாவது ஒரு வட்டாரத்துக்குச் சில நாட்களின் நிலையைச் சொல்கிறது. இரண்டாவது உங்கள் தலைக்கு மேலே அடுத்த சில மணி நேரத்தைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிய வேண்டும்.

அறிக்கையில் ஒளிந்துள்ள எண்கள்

"டெல்டா மாவட்டங்களில் ஒருசில இடங்களில் மிதமான மழை பெய்யும், ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு உண்டு" என்று அறிக்கை கூறுவதாகக் கொள்வோம். இவை பொத்தாம்பொதுவான சொற்கள் அல்ல. ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரையில் மழை பதிவாகும் என்றால் அது 'ஓரிரு இடங்கள்'. கால் பங்குக்கு மேல் பாதி வரை என்றால் 'ஒருசில இடங்கள்'. முக்கால் பங்குக்கும் மேல் என்றால் 'பெரும்பாலான இடங்கள்'.

ஆகவே 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று கேட்ட நாளில் உங்கள் ஊரில் தூறல்கூட விழாமல் போகலாம். அதனால் அறிக்கை பொய்த்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

'கனமழை' என்பதற்கும் அளவு உண்டு. காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 செ.மீ. வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே அதிகனமழை. 7 செ.மீ. என்பது சிறிய எண்ணாகத் தோன்றுகிறதா? ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அதன்மீது 7 செ.மீ. மழை பெய்தால் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீர்! மேசைபோல் சமதளமான டெல்டாவில் இது எளிதில் வடியாது. வடிகால் வாய்க்காலை முன்கூட்டியே வெட்டிவிடுவது இதனால்தான்.

பெயர் சூட்டிய மருந்து வணிகர்

இனி மேகத்துக்கு வருவோம். நொடிக்கு நொடி உருமாறும் மேகங்களை வகைப்படுத்த முடியும் என்று காட்டியவர் லூக் ஹோவர்டு. லண்டனில் மருந்துத் தொழில் செய்தவர். 1802-இல் ஆற்றிய ஓர் உரையில் அவர் சூட்டிய லத்தீன் பெயர்களே இன்றைய உலக வழக்குக்கு அடிப்படை. சிர்ரஸ் என்பதைக் கீற்று மேகம் என்றும், குமுலஸ் என்பதைத் திரள் மேகம் என்றும், ஸ்ட்ராட்டஸ் என்பதைப் படை மேகம் என்றும் நாம் பாடநூல்களில் படிக்கிறோம். இன்று மேகங்களைப் பத்து இனங்களாகப் பிரிக்கிறார்கள்.

கொக்கின் இறகுபோல் வெகு உயரத்தில் தெரிவது கீற்று மேகம். அது பனிப்படிகங்களால் ஆனது. தானே மழை தராது. மெல்லிய கீற்றுப்படை வானை மூடிச் சூரியனைச் சுற்றி வளையம் தெரிந்தால், தொலைவில் ஒரு மழை மண்டலம் இருக்கக்கூடும். வானைத் தொடர்ந்து கவனியுங்கள்.

வெடித்த பருத்திபோல் அடி தட்டையாக மிதப்பது திரள் மேகம். அடி ஏன் தட்டை? மேலே எழும் காற்று குளிர்ந்து, குறிப்பிட்ட ஓர் உயரத்தில்தான் அதன் ஆவி நீர்த்துளியாகத் தொடங்குகிறது. அந்த உயரத்தை நீங்களே கணக்கிடலாம். தரையில் காற்றின் வெப்பநிலை 32 டிகிரி, பனிநிலை 24 டிகிரி செல்சியஸ் என்க. வித்தியாசம் 8. ஒரு டிகிரிக்குச் சுமார் 125 மீட்டர் வீதம் 1,000 மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடி இருக்கும்.

மேகம் இருந்தும் மழை இல்லையே, ஏன்? மேகத் துளியின் விட்டம் சுமார் 0.02 மி.மீ. மழைத்துளியின் விட்டம் 2 மி.மீ. அதாவது நூறு மடங்கு. கன அளவிலோ பத்து லட்சம் மடங்கு! பத்து லட்சம் துளிகள் ஒன்று சேர வேண்டுமானால் மேகம் தடித்திருக்க வேண்டும். மெல்லிய திரள் மேகத்துக்கு அது இயலாது.

இரண்டு வகை மழை

திரள் மேகம் பிற்பகலில் கோபுரம்போல் வளர்ந்து, உச்சி பட்டறைக்கல்போல் விரிந்தால் அது கார்த்திரள். இடி, மின்னல், சுழற்றியடிக்கும் காற்று, சிறிது நேரம் கொட்டும் மழை ஆகியவை இதன் குணங்கள். நெல்லை உடனே மூடுங்கள். மின்னலைக் கண்ட 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது. வயலை விட்டு உறுதியான கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் நிற்கவே கூடாது.

சூரியன் இருக்கும் இடமே தெரியாமல் வானம் முழுதும் சாம்பல் நிறமாக மூடினால் அது கார்ப்படை. அதில் ஆர்ப்பாட்டம் இல்லை. ஆனால் மழை மணிக்கணக்கில் நீடிக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் நாட்களில் நாம் காணும் அடைமழை வானம் பெரும்பாலும் இத்தகையது.

ஆனால் நம் கண்ணுக்கு எட்டும் வானம் சிறியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், சில நாட்களுக்கு முன்பே தென்கிழக்கு வங்கக் கடலில் உருவாகத் தொடங்கிவிட்டது. அதைத் தஞ்சையிலிருந்து எவரும் பார்த்திருக்க முடியாது. பார்த்தவை இன்சாட் செயற்கைக்கோள்கள். புயல் கரையை நெருங்கும்போது காரைக்கால் ராடார் போன்றவை கைகொடுக்கின்றன. எனவே மேகத்தை மட்டும் நம்பி அறிக்கையைத் தள்ளிவிடக் கூடாது.

செய்து பாருங்கள்

ஏழு நாட்களுக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். காலை 8.30 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மேகத்தின் வகை, வானில் எத்தனை பங்கு மூடியுள்ளது, காற்றின் திசை ஆகியவற்றை எழுதுங்கள். நேரான பக்கங்களை உடைய ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலையில் தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து கொட்டிவிடுங்கள். பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் உயரம் மாறாது. ஏன் என்று யோசியுங்கள்!

பக்கத்தில் அன்றன்று வெளியான அறிக்கையையும் எழுதி, வார இறுதியில் ஒப்பிடுங்கள். பிறகு குறிப்பேட்டை உங்கள் ஊரில் வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் வானத்தைப் பார்த்து அறிந்தவற்றைக் கேட்டு அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்கு அவையும் சரிதானா என்று பார்க்கலாம்.